சுருதி சேர்த்ததற்கே கைதட்டல்!



1971-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் நாள். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஒரு பெரிய அரங்கம். அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த போருக்கு அஞ்சி, லட்சக்கணக்கான மக்கள் அகதிகளாக இந்தியாவுக்கு ஓடி வந்திருந்தார்கள். அவர்களுக்கு நிதி திரட்டத்தான் அந்த இசை நிகழ்ச்சி.

மேடையில் சிதார் மேதை ரவிசங்கர், சரோத் கலைஞர் அலி அக்பர் கான், தபலாக் கலைஞர் அல்லா ரக்கா. மூவரும் வாத்தியங்களில் சுருதி சேர்த்தார்கள். கச்சேரியே அதுதான் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது! இதுவே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக ரவிசங்கர் சொன்னார்.

சிதாரில் சுருதி சேர்ப்பது எளிதல்ல. விரலால் மீட்டும் கம்பிகள் ஆறோ ஏழோ இருக்கும். அவற்றின் கீழே பத்துக்கும் மேற்பட்ட மெல்லிய கம்பிகள் உண்டு. மேல் கம்பி ஒலித்தால், விரல் படாமலே கீழ்க் கம்பிகளும் அதிரும். அந்த ரீங்காரமே சிதாரின் அழகு.

ரவிசங்கர் 1920-இல் காசியில் பிறந்தவர். பத்து வயதிலேயே அண்ணன் உதயசங்கரின் நடனக் குழுவோடு பாரிஸ் சென்றார். நாடு நாடாகப் பயணம், மேடை, புகழ்! 1935-இல் அலாவுதீன் கான் என்ற இசை மேதை அக்குழுவுடன் ஐரோப்பா சென்றார். இளைஞனின் திறமையைக் கண்டவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தால்தான் கற்றுத் தருவேன் என்றார்.

1938-இல், பதினெட்டு வயதில், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மைஹர் என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தார் ரவிசங்கர். அங்கே மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து பாடம்! குருவோ மிகவும் கண்டிப்பானவர். ஒருநாள் அவர் திட்டியதைத் தாங்க முடியாமல், ஊரைவிட்டே போய்விட மூட்டை கட்டிவிட்டார் சீடர். தடுத்து நிறுத்தியவர் யார் தெரியுமா? குருவின் மகன் அலி அக்பர்! பின்னாளில் நியூயார்க் மேடையில் பக்கத்தில் அமர்ந்து சரோத் வாசித்தாரே, அவரேதான். அன்று நின்ற ரவிசங்கர் 1944 வரை அங்கேயே கற்றார். 1999-இல் பாரத ரத்னா விருது பெற்றார். 2012-இல் மறைந்தார்.

அல்லா ரக்காவின் கதை வேறு. 1919-இல் ஜம்மு பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் மாமா வீட்டில் தங்கியிருந்தபோது தபலா ஒலியில் மனம் பறிகொடுத்தார். வீட்டைவிட்டுப் போய், மியான் காதர் பக்ஷ் என்ற குருவிடம் சேர்ந்தார். தபலா அப்போது வெறும் பக்கவாத்தியமாகவே கருதப்பட்டது. ரவிசங்கரோடு உலகெங்கும் வாசித்து, அதைத் தனியாகக் கேட்கத் தகுந்த வாத்தியம் என்று மக்களை உணர வைத்தவர்களில் இவர் முக்கியமானவர்.

இவருடைய மகன்தான் ஜாகிர் உசேன். பிறந்த குழந்தையைக் கையில் வாங்கியதும், காதில் தபலாவின் சொற்கட்டுகளைச் சொன்னாராம் தந்தை! பையன் சற்று வளர்ந்ததும் விடியற்காலை மூன்று மணிக்கே எழுப்பிப் பாடம் சொல்லித் தந்தார். பாடம் முடிந்த பிறகே பள்ளிக்கூடம்!

ஜாகிர் உசேனுக்கு நம் சென்னையோடும் தொடர்பு உண்டு. 1970-களில் 'சக்தி' இசைக்குழுவில் அவரோடு கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம். அவருடைய மகன் செல்வகணேஷ் பின்னாளில் அதே குழுவில் கஞ்சிரா வாசித்தார். 2024 பிப்ரவரியில் அக்குழுவுக்குக் கிராமி விருது கிடைத்தது. அன்று ஒரே இரவில் ஜாகிர் உசேன் பெற்றவை மூன்று கிராமி விருதுகள். அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார்.

குழந்தைகளே, பாட்டோ, ஓவியமோ, கணக்கோ, எதைக் கற்றாலும் மூட்டை கட்டிவிடலாம் என்று தோன்றும் ஒரு நாள் வரும். அன்று மைஹரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நண்பன் மூட்டை கட்டினால், நீங்கள் அலி அக்பராக இருங்கள்!