பரம்பரைப் பகையிலே பலவான் வீழ்வானா?

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, நவம்பர் மாதக் கடைசியிலும் டிசம்பர்த் தொடக்கத்திலும், பல்கலைக்கழகங்களின் பரம்பரை எதிரிகள் உதைபந்தாட்ட மைதானத்திற் சந்திக்கின்றனர். உதைபந்தாட்டம் என்று பெயரே தவிர, பந்தைக் கையிலேந்தி ஓடுவதே அங்கு மிகுதி. றகர் ஆட்டத்துக்கே அது நெருங்கிய உறவு. இப்போட்டிகளைப் பற்றி அந்நாட்டில் ஒரு பேச்சு நெடுங்காலமாக வழங்குகின்றது. அவ்வாண்டில் எவ்வணி எத்தனை ஆட்டங்களில் வென்றது என்னுங் கணக்கு அன்று செல்லாதாம். மெலிந்த அணி மலை போன்ற அணியையும் சாய்த்துவிடுமாம். இது மெய்தானா என்று நாம் சற்றே ஆராய்வோம்.

மெய்யென்பார்க்குச் சான்றுகள் இல்லாமலில்லை. தரைப்படைக் கல்லூரியும் கடற்படைக் கல்லூரியும் 1890 முதல் மோதி வருகின்றன. 1950இல் தரைப்படையார் 28 ஆட்டங்களாகத் தோல்வியறியாதவர். கடற்படையாரோ அவ்வாண்டு ஆடிய எட்டில் இரண்டையே வென்றவர். கடற்படையார் 14–2 என்று வென்றனர்! 2007இல் மேற்கு வேர்ஜீனியா இன்னும் ஓர் ஆட்டத்தை வென்றாற் தேசிய இறுதிப் போட்டிக்குச் செல்லும் நிலையில் இருந்தது. எதிர்த்து வந்த அயலூர்ப் பிற்ஸ்பேர்க் அணி நான்கு வெற்றியும் ஏழு தோல்வியும் கண்டது. பிற்ஸ்பேர்க் 13–9 என்று வென்றது. 2024இல் மிச்சிகன் அணி, ஒகையோ அரச பல்கலைக்கழகத்தை அதன் சொந்த மைதானத்திலேயே 13–10 என்று வீழ்த்தியது. மிச்சிகன் ஏறத்தாழ 20 புள்ளிகளால் தோற்குமென்று பந்தயக்காரர் கணித்திருந்தனர்.

இம்மூன்றிலும் புள்ளிகள் எவ்வளவு குறைவென்பதை வாசகர் கவனிக்க. புள்ளிகள் குறையக் குறைய, நழுவிய ஒரு பந்தும் தவறிய ஓர் உதையும் ஆட்டத்தையே புரட்டிவிடும். எளிய அணி வெல்வதாயின் ஆட்டத்தை மந்தமாக்கி, வலியவனுக்குக் கிடைக்கும் வாய்ப்புகளைச் சுருக்கவேண்டும். பகைமையைக் காட்டிலும் இவ்வுபாயமே எமக்கு முக்கியமாகத் தோன்றுகின்றது.

மறுபக்கத்தை நோக்குவோம். 2002 முதல் 2015 வரை, தொடர்ந்து 14 ஆண்டுகள், கடற்படையாரே தரைப்படையாரை வென்றனர். கல்லூரி வாழ்வோ நான்கே ஆண்டுகள். ஆகவே முதலாண்டிற் சேர்ந்து பட்டம் பெற்று வெளியேறும் வரையில், அந்த ஒரு வெற்றியை ஒருமுறையேனுங் காணாத மாணவர் அணியணியாகப் பிரிந்து சென்றனர். கணக்கு செல்லாதென்று அவர்களிடம் எந்த முகத்தோடு கூறுவது? கடற்படையார் தாமும் இத்துயர் அறியாதவரல்லர். 1964 முதல் 2006 வரை நோட்டர் டேம் பல்கலைக்கழகத்திடம் 43 முறை தொடர்ந்து தோற்றவர் அவர்களே. 2007இல், மூன்று மேலதிக ஆட்டவேளைகளின் பின், 46–44 என்று அச்சங்கிலி அறுந்தது. அந்த ஒன்றை ஊர் நினைவில் வைத்திருக்கின்றது. நாற்பத்து மூன்றைத் தனித்தனியே நினைப்பார் யார்?

இன்னொரு மயக்கமும் உண்டு. 2013இல் அலபாமா கடைசி வினாடியில் உதைத்த பந்து இலக்கை எட்டாது வீழ, ஓபர்ன் வீரர் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடி 34–28 என்று வெற்றியை ஈட்டினார். வியப்பிலும் வியப்பு! ஆயின் அன்று அலபாமா முதலாம் இடத்திலும் ஓபர்ன் நாலாம் இடத்திலும் இருந்தன. சமவலியார் மோதலில் யார் வென்றாலென்ன? அதை எளியோன் வெற்றியென்பது பொருந்தாது.

எல்லோரும் வியந்து பேசும் வீழ்ச்சிகளுட் பெரியதொன்று பகைமையே இல்லாத இடத்தில் நிகழ்ந்தது. 2007 செப்டெம்பர் 1இல், கீழ்ப்பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் அரச பல்கலைக்கழகம் மிச்சிகனை 34–32 என்று வென்றது. அவ்விரு அணிகளும் அதற்குமுன் சந்தித்ததேயில்லை.

2024இல் மிச்சிகனிடந் தோற்ற ஒகையோ அணியோ, 2025 ஜனவரி 20ஆந் திகதி நோட்டர் டேமை 34–23 என்று வென்று தேசிய வெற்றிக்கிண்ணத்தைச் சுவீகரித்தது.