படகுக்கு எரிவாயு ஏற்குமா?

1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் தேங்கி நிற்கும் காவிரியில், தருமபுரி மாவட்டத்து நாகமரையிலிருந்து பண்ணவாடிக்குப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் விசைப்படகுகளின் எண்ணெய் கசிந்தால், அது ஜலத்தின்மேல் படலமாய்ப் படிந்துவிடுகிறது. அவ்வெண்ணெய்க்குப் பதிலாகக் கொள்ளத்தக்க புரொப்பேன் என்னும் எரிவாயுவோ, பூஜ்யத்துக்குக் கீழ் 42 டிகிரியிலேயே கொதிக்கும் சுபாவமுடையதாதலால், கசிந்த மாத்திரத்தில் ஆவியாகி, நீரில் படலம் விடாது.

பெட்ரோல் இயந்திரத்தைப் புரொப்பேனில் ஓடச்செய்ய, வாயுவின் அழுத்தத்தைக் குறைக்கவும் அதைக் காற்றோடு கலக்கவும் கருவிகள் பொருத்தினால் பெரும்பாலும் போதும். டீசல் இயந்திரத்திலோ, அழுத்திய காற்றின் உஷ்ணமே டீசலைப் பற்றவைக்கிறதெனினும், புரொப்பேன் அவ்வளவு எளிதில் தானாகப் பற்றாதாகையால், தீப்பொறியோ சிறிதளவு டீசலோ உடன் வேண்டியிருக்கிறது.

ஆயினும் என் மனத்தை உறுத்துவது அதன் கனமே: காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமான அவ்வாயு, படகினுள் கசிந்தால் அடிப்பள்ளத்தில் தேங்கி, சிறு பொறியாலும் வெடிக்கத்தக்கதாகிவிடும். ஆகையால் வாயு உருளையைக் காற்றோட்டமான மேல்தளத்தில் வைப்பதும், கசிவை உணர்த்தும் கருவியை அடியில் அமைப்பதும் கட்டாயமாக வேண்டும். காசியில் கங்கைப் படகுகளுக்கு அளிக்கப்படும் இயற்கை வாயுவோ காற்றினும் இலேசானது. அதற்கு இவ்வபாயம் குறைவு.