பனியாற்றில் நடந்து போகும் பூச்சி

நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கில், 5000 மீட்டருக்கும் மேலே யாலா பனியாறு இருக்கிறது. 1984-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஷிரோ கோஷிமா அங்கே கண்டுபிடித்த ஒரு பூச்சியைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினார். கொசுவுக்கு உறவு, ஆனால் கடிக்காத இனம். இறக்கைகள் சுருங்கிவிட்டதால் பறக்காது, பனிமேல் நடக்கும். மைனஸ் 16 டிகிரி குளிரிலும் நடமாடும். உள்ளங்கையில் எடுத்து வைத்தால், நம் உடம்புச் சூடே தாங்காமல் துடித்து முடங்கிவிடும்!

பனியாறு என்றாலே நாம் தண்ணீர்க் கணக்குதான் போடுகிறோம்: கங்கைக்கு எவ்வளவு வரும், கடல் எவ்வளவு உயரும் என்று. அதையே வீடாகக் கொண்ட உயிர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

இந்தப் பூச்சியின் புழுக்கள் பனிக்கடியில் உருகி ஓடும் ஓடைகளில், பாசியையும் பாக்டீரியாவையும் தின்று வளர்கின்றன. ஓடை சும்மா இருக்குமா? புழுக்களைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே போகும். இப்படியே விட்டால் சில தலைமுறைகளில் மொத்தக் கூட்டமும் பனியாற்றின் அடிவாரத்துக்கு வந்துவிடும். ஆனால் வளர்ந்த பெண் பூச்சிகள் மேட்டை நோக்கி நடக்கின்றன. சூரியனைத் திசைகாட்டியாக வைத்துக்கொண்டு, கோடு பிடித்தாற்போல் நேராக! சில மில்லிமீட்டர் உடம்புக்குள் இவ்வளவு திசையறிவு இருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது.

அங்கே இது மட்டும் தனியாக இல்லை. இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்த மிகச் சிறிய உயிரி ஒன்றும் யாலாவில் கிடைத்தது. 1994-இல் அதற்குக் கிளாசியெல்லா யாலென்சிஸ் என்று பெயரிட்டார்கள்.

இத்தனை உயிர்களுக்கும் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? நுண்ணுயிர்களிடமிருந்துதான். காற்று கொண்டுவந்து போடும் புழுதியை நூல் போன்ற நுண்ணுயிர்கள் பின்னிப் பிணைத்து, கரிய மணிகளாகத் திரட்டுகின்றன. இதற்குக் கிரையோகோனைட் என்று பெயர். 1870-இல் கிரீன்லாந்தில் நோர்டன்ஷெல்ட் என்ற ஆய்வாளர் இதை விவரித்தார். கறுப்பு வெயிலை உறிஞ்சும். மணிக்குக் கீழே பனி உருகிக் குழி விழும். குழியில் நீர் நிற்கும். உலகின் பல பனியாறுகளில் இத்தகைய குழிகளுக்குள் நீர்க்கரடிகள் என்னும் நுண்ணிய உயிரினங்கள்கூட வாழ்கின்றன.

ஒரு சங்கடமும் இதில் இருக்கிறது. இந்தக் கரும்படிவம் மூடிய பனி, சுத்தமான பனியைவிட வேகமாக உருகுவதை யாலாவிலேயே காட்டினார்கள். ஆனாலும் பழியை நுண்ணுயிர்கள்மேல் போடுவது நியாயமில்லை. ஓரளவு உருகல் அவற்றுக்குத் தேவை. காலங்காலமாக அந்த அளவோடுதான் வாழ்ந்துவந்தன. அளவை மீறவைத்தது நாம் ஏற்றிய வெப்பம். 1970-களில் அளந்ததோடு ஒப்பிட்டால், யாலா ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழந்துவிட்டது. 2025 மே மாதம் அங்கே அஞ்சலிக் கூட்டமே நடத்தி, நினைவுப் பலகை வைத்தார்கள்.

பனி மேல்நோக்கிச் சுருங்கும்போது பூச்சியும் மேலேதான் போயாக வேண்டும். அதற்கும் மேலே பனி இல்லையென்றால், அடுத்த பனியாற்றுக்குப் போகும் வழியெல்லாம் பாறையும் வெயிலில் காய்ந்த மண்ணும்தான். யாலாவில் கம்பு நட்டுப் பனி எவ்வளவு குறைகிறது என்று பல ஆண்டுகளாக அளந்துவருகிறார்கள். அந்தக் கம்புகளைச் சுற்றி நடமாடும் பூச்சிகளையும் அதே பதிவேட்டில் எண்ணிக் குறிக்க வேண்டும், எண்ணுவதற்கு அவை இருக்கும்போதே.