ஒலிநூல்கள்: நூலுடன் குரலையும் தெரிவு செய்தல்

மொன்ட்ரியால்-நோர் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், தமிழைக் கேட்டு விளங்கிக்கொண்டாலும் அதை வாசிக்கப் பழகாத பிள்ளைகள் உள்ளனர். வாசிப்பில் தேர்ந்திருந்தும் பார்வை மங்கியதால் புத்தகத்தை ஒதுக்கி வைத்த மூத்தோரும் உள்ளனர். இவ்விரு தலைமுறையினரும் ஒரே கதையை ஒன்றாக அனுபவிப்பதற்கு ஒலிநூல் எளிய வழியாகும். இலங்கை வானொலியின் நாடகங்களைக் கேட்டு வளர்ந்தோருக்கு இந்த அனுபவம் புதியதும் அன்று.

அச்சு நூலில் வாசகருக்கும் எழுத்தாளருக்கும் இடையில் எவரும் இல்லை. ஒலிநூலில் வாசிப்பவரின் குரல் இடையில் நிற்கிறது. வேகம், உச்சரிப்பு, பாத்திரங்களை வேறுபடுத்தும் திறன் ஆகியவையே ஒரு நூலைக் கேட்கத் தூண்டுகின்றன அல்லது பாதியில் நிறுத்தச் செய்கின்றன. எனவே நூலைத் தேடும்போதே அதனை வாசித்தவர் யார் என்பதையும் கவனிப்பது நன்று.

மூன்று வகைக் குரல்கள்

முதலாவது, பல குரல்களில் அமைந்த நாடக வடிவம். மேடை நாடகத் துறையைச் சேர்ந்த பாம்பே கண்ணன், கல்கியின் சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன் முதலிய வரலாற்று நாவல்களைப் பல கலைஞர்களின் குரல்களைக் கொண்டு ஒலிநூல்களாக உருவாக்கியுள்ளார். ஒவ்வொரு பாத்திரத்திற்கும் தனிக்குரல் இருப்பதால் பேசுபவர் யார் என்பது உடனே புலப்படும். வானொலி நாடகங்களை விரும்பிய மூத்தோருக்கு இவை மிகவும் பொருந்தும்.

இரண்டாவது, ஒருவரே முழு நூலையும் வாசிக்கும் வடிவம். தீபிகா அருணின் 'கதை ஓசை' இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. அவர் மூலத்தை வரிக்கு வரி வாசித்து, குரலின் ஏற்ற இறக்கத்தால் பாத்திரங்களை வேறுபடுத்துகிறார். யூடியூபிலும் பாட்காஸ்ட் செயலிகளிலும் இதனைக் கேட்கலாம். தமிழ் வாசிக்கப் பழகும் பிள்ளைகளுக்கு இவ்வகை பெரிதும் பயன்படும். 1998 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் பொன்னியின் செல்வனின் முழு எழுத்து வடிவமும் இலவசமாகக் கிடைக்கிறது. எழுத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே குரலைக் கேட்கும் பிள்ளை, சொல்லின் ஒலியையும் வடிவத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

மூன்றாவது, கதைசொல்லல். திருவண்ணாமலையைச் சேர்ந்த எழுத்தாளர் பவா செல்லதுரை, பிற எழுத்தாளர்களின் கதைகளை நூலைப் பாராமல் தம் சொற்களில் எடுத்துரைப்பவர். எழுத்தாளரின் சொற்களை அப்படியே கேட்க விரும்புவோர் இதனை மூல நூலுக்கு ஈடாகக் கொள்ள இயலாது. எனினும் நீண்ட நாவலைத் தொடங்கத் தயங்குவோருக்கு இது நல்ல நுழைவாயிலாகும்.

இங்கு கிடைக்கும் சேவைகள்

மொன்ட்ரியால் நகரில் வசிப்போர் நூலக அட்டையை இலவசமாகப் பெறலாம். ஈவ்-ரையன் நூலகம் உள்ளிட்ட மொன்ட்ரியால்-நோர் நூலகங்களில் இதற்குப் பதிவு செய்யலாம். அந்த அட்டையைக் கொண்டு பிரெஞ்சு, ஆங்கில ஒலிநூல்களைக் கைப்பேசி வழியாகவே இரவல் பெறலாம். தவணை முடிந்ததும் அவை தாமாகவே திரும்பிவிடும்.

ரேடியோ-கனடாவின் 'ஓடியோ' சேவையில் பிரெஞ்சு ஒலிநூல்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றுள் பல கியூபெக் நடிகர்களால் வாசிக்கப்பட்டவை. பிரெஞ்சு வகுப்புக்குச் செல்வோர், கடையிலும் பேருந்திலும் கேட்கும் உச்சரிப்புக்குச் செவியைப் பழக்க இவை துணைபுரியும்.

பார்வைக் குறைபாடு முதலிய காரணங்களால் அச்சு நூலை வாசிக்க இயலாதோருக்கு, கியூபெக் தேசிய நூலகம் தனிச்சேவை ஒன்றை இலவசமாக நடத்துகிறது. பிரெயில் நூல்களும் ஒலிநூல்களும் அதில் உள்ளன. இது குறித்து நூலகப் பணியாளரிடம் விசாரிக்கலாம்.

குரல் கொடுக்க விரும்புவோருக்கு

உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் நூல்களை வாசித்துப் பதிவு செய்யும் 'லிப்ரிவொக்ஸ்' திட்டம், 2005 ஆம் ஆண்டில் மொன்ட்ரியால் நகரிலேயே ஹியூ மக்வயர் என்பவரால் தொடங்கப்பட்டது. அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களை எம்மொழியிலும் அதில் வாசிக்கலாம். முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும், 1879 இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் போன்ற பழைய நூல்கள் இதற்கு உரியவை. தேர்ந்த நடிகராக இருக்க வேண்டியதில்லை. தெளிவான உச்சரிப்பும், ஒலிவாங்கியும், அமைதியான அறையும் போதும். பார்வை மங்காத மூத்தோர் இதில் ஈடுபட்டால், அவர்களின் வாசிப்பைப் பேரப்பிள்ளைகளும் கேட்கலாம்.

தொடங்குவோர் கவனத்திற்கு

- முதற் பத்து நிமிடங்களைக் கேட்டபின் முடிவு செய்க. குரல் பிடிக்காவிடின் அதே நூலின் வேறு பதிவைத் தேடுக.
- மூத்தோருக்கும் சிறுவருக்கும் செயலியில் வாசிப்பு வேகத்தைச் சற்றுக் குறைத்துக் கொடுக்கலாம்.
- முதலில் சிறுகதையைத் தெரிவு செய்க. நாவல் எனில் நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும்.
- கேட்டு முடித்ததும் கதையைப் பற்றிப் பிள்ளையுடன் தமிழில் உரையாடுக.