மால்ட் டப்பாவுக்கு பதில் முளைகட்டிய கேழ்வரகு: கஞ்சி ஏன் கட்டி தட்டுது? எங்கே நடக்குது தப்பு?

திருச்சி காந்தி மார்க்கெட்டில் கேழ்வரகு வாங்கி, முளைகட்டி அரைச்சாச்சு. ஆனா கஞ்சியில் கடை மால்ட்டின் இனிப்பும் இல்லை, பக்குவமும் இல்லை. பெரும்பாலும் தப்பு தானியத்தில் இல்லை, சூட்டில்தான்!

மால்ட் என்றால் என்ன?

தானியம் முளைவிடும்போது அமைலேஸ் என்ற நொதி பெருகும். அது மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் எனும் சர்க்கரையாக்கும். கடை மால்ட் பானங்களில் இந்த வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும். பார்லி மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, வடித்த இனிப்புச் சாறைச் சுண்டவைப்பதே மால்ட் எக்ஸ்ட்ராக்ட். தானியத்தில் தொடங்கினால், அந்த வேலை நம்ம அடுப்பில் நடக்கணும்.

எப்படிச் செய்வது?

* கேழ்வரகை 10 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து வடிகட்டவும்.
* ஈரத்துணியில் கட்டி, ஒன்று அல்லது ஒன்றரை நாள் வைக்கவும்.
* முளை வந்ததும் நன்றாகக் காயவைத்து, லேசாக மட்டும் வறுத்து அரைக்கவும்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கத்தில் ஐப்பசி அடைமழையில் வெயிலை நம்ப முடியாது. பூஞ்சை பிடித்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

2 முக்கியத் தவறுகள்

கருக வறுத்தால் நொதி செத்துவிடும். கொதிக்கிற தண்ணீரில் மாவைப் போட்டாலும் அதே கதிதான். பச்சைத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் மெதுவாகச் சூடேற்றவும். 60 முதல் 70 டிகிரி செல்சியஸில்தான் நொதி சுறுசுறுப்பாக வேலை செய்யும். சில நிமிடங்களில் கஞ்சி இளகி, லேசாக இனிக்கும். பிறகு கட்டாயம் கொதிக்கவிடவும்.

குழந்தைக்கு என்ன லாபம்?

கெட்டிக் கஞ்சியைக் குழந்தை துப்பும். தண்ணீர் சேர்த்தால் சத்து குறையும். முளைகட்டிய மாவில் கஞ்சி கெட்டியாகாமலே கூடுதல் மாவு சேர்க்கலாம். மைசூரு சிஎஃப்டிஆர்ஐ விஞ்ஞானிகள் 1980-களிலேயே முளைகட்டிய கேழ்வரகு, பச்சைப்பயறு கலந்த குழந்தை உணவை ஆராய்ந்திருக்கிறார்கள். 6 மாதம் முடிந்தபின், டாக்டரிடம் கேட்டுத் தொடங்கலாம். 2 வயது வரை சர்க்கரை சேர்க்க வேண்டாம்.

டப்பா வாங்கினால்?

'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை என மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் சொல்லிவிட்டது. அதனால் விளம்பரத்தைப் பார்க்காமல், லேபிளில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' எவ்வளவு என்று பாருங்கள்.

அப்போ பீரும் காய்ச்சலாமா?

பீருக்கும் இதே மால்ட் கணக்குதான். ஆனா தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டு அடுப்பில் கஞ்சியோடு நிறுத்திக்கணும்!