துப்பாக்கி எழுதும் தீர்ப்பு

திரை முழுதும் சிவப்பு. நடுவிலே ஒரு கை. கையிலே ஒரு துப்பாக்கி. பெயர்கள் வரிசையாக ஓடி முடிகிறவரை அசையாமல் நிற்கிறது. முடிந்ததும் மெல்லத் திரும்புகிறது. எவரை நோக்கி? கொள்ளைக்காரனையா? கொலைகாரனையா? இல்லை; படம் பார்க்க உட்கார்ந்திருக்கும் நம்மை நோக்கி! திரும்புகிறது, வெடிக்கிறது.

1973ஆம் ஆண்டு வெளிவந்த 'மேக்னம் போர்ஸ்' என்னும் அமெரிக்கப் படத்தின் தொடக்கம் இது. 1971இல் வந்து பெரும்புகழ் பெற்ற 'டர்ட்டி ஹாரி' என்ற போலீஸ் படத்தின் இரண்டாம் பாகம். அண்மையிலே இதைப் பார்த்தோம். ஐம்பதாண்டுகளைக் கடந்த படம்தான். ஆனால் அது எழுப்பும் கேள்விக்கு வயதாகவில்லை. குற்றவாளி என்று தான் கருதுகிறவனைப் போலீஸ்காரனே சுட்டுத் தள்ளலாமா? இதுதான் கேள்வி. கைதட்டிவிட்டுக் கலைந்துபோகிற கேள்வியா இது? உழைத்து வாழ்கிறவனின் உயிரோடு ஒட்டிய கேள்வி!

முதல் படத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். சான் பிரான்சிஸ்கோ நகரம். அங்கே ஒரு கொடியவன், கண்டவரைச் சுட்டுக் கொல்கிறான். ஹாரி கலகன் என்ற போலீஸ் அதிகாரி அவனைத் துரத்திப் பிடிக்கிறார். காயம்பட்டு விழுந்தவனின் காலை மிதித்து, வதைத்து, உண்மையைக் கக்க வைக்கிறார். அரசு வழக்கறிஞரோ, “உத்தரவின்றிச் சோதனை போட்டீர், வதைத்து வாங்கினீர், இந்தச் சாட்சியம் நீதிமன்றத்திலே நிற்காது” என்று கையை விரிக்கிறார். கொடியவன் வெளியே வருகிறான். பள்ளிப் பிள்ளைகள் ஏறிய பேருந்தையே கடத்துகிறான். ஹாரி அவனைச் சுட்டு வீழ்த்துகிறார். போலீஸ் சின்னத்தைக் கழற்றித் தண்ணீரிலே எறிகிறார்.

அரங்கம் அதிர்ந்தது. சட்டம் கையாலாகாதது, துப்பாக்கியே கண்கண்ட நீதி என்று தூவிய விதைக்கு நல்ல விளைச்சல். கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் நடிப்பும், டான் சீகலின் இயக்கமும் அப்படி. ஆனால் அமெரிக்காவிலேயே எதிர்ப்புக் குரல் எழாமலில்லை. 'நியூ யார்க்கர்' ஏட்டிலே எழுதிவந்த பாலின் கேல் என்ற பெண்மணி, இந்தப் படத்திலே பாசிசச் சாயல் இருக்கிறது என்று பகிரங்கமாகச் சாடினார்.

இரண்டாண்டு கழித்து வந்த இரண்டாம் பாகம் என்ன செய்தது தெரியுமா? முதல் படத்தின் கருத்தையே குற்றவாளிக் கூண்டிலே ஏற்றியது!

தொழிற்சங்கச் சீர்திருத்தத்துக்குப் பாடுபட்ட ஒருவரின் கொலை வழக்கு. குற்றம் சாட்டப்பட்ட தாதா விடுதலையாகி, காரிலே பவனி வருகிறான். போக்குவரத்துப் போலீஸ்காரன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து வண்டியை நிறுத்துகிறான். அபராதச் சீட்டு எழுதப்போகிறான் என்று நினைக்கிறோம். எழுதியது அபராதமல்ல, ஆயுள் முடிவு! காரிலே இருந்தவர்கள் அத்தனை பேரும் பிணம். அடுத்து, வேறொரு கும்பல் தலைவனின் நீச்சல்குள விருந்து. குண்டு வீச்சு, இயந்திரத் துப்பாக்கிச் சூடு. அவனும் சாகிறான், விருந்துக்கு வந்த பெண்களும் சாகிறார்கள்.

சுடுகிறவர்கள் யார்? போலீசிலே புதிதாகச் சேர்ந்த துடிப்பான இளைஞர்கள். சட்டம் தண்டிக்காதவர்களைத் தாங்களே தண்டிப்பதாகச் சபதம் ஏற்றவர்கள். ஹாரியிடம் வருகிறார்கள். நீர் செய்ததைத்தான் நாங்களும் செய்கிறோம், எங்களோடு சேரும் என்று அழைக்கிறார்கள். ஹாரியோ, என்னைத் தவறாக எடைபோட்டுவிட்டீர்கள் என்று மறுக்கிறார். பார்த்தீர்களா? தன் சொந்த நிழலையே கண்டு பின்வாங்குகிறார்.

ஏன் பின்வாங்கினார்? காரணத்தையும் பின்னர் அவர் வாயாலேயே சொல்கிறார். போலீசே கொலைத் தொழிலை மேற்கொண்டால், அதற்கு முடிவு எங்கே? இன்று கொலைகாரன், நாளை சாலை விதியை மீறியவன், மறுநாள் வேண்டாத அண்டை வீட்டான்! கதையும் அதைத்தான் காட்டுகிறது. அந்த இளைஞர்கள் ஒரு கொலையை முடித்துவிட்டு வருகையில், எதிர்ப்பட்டவர் தங்களைப் போலவே சீருடை அணிந்த சகபோலீஸ்காரர், ஹாரியின் பழைய நண்பர். அவர் செய்த குற்றம்? பார்த்துவிட்டார்! அதற்காக அவரும் கொல்லப்படுகிறார். ஹாரியோடு பணியாற்றிய கருப்பின அதிகாரி ஏர்லி ஸ்மித், தன் வீட்டுத் தபால்பெட்டியிலே வைத்த குண்டுக்குப் பலியாகிறார். தீயோரை ஒழிக்க என்று எடுத்த துப்பாக்கி, தீயோரோடு நிற்கவில்லை. சாட்சியைத் தேடிப் போயிற்று.

இந்தக் கும்பலுக்குத் தலைவன் போலீஸ் மேலதிகாரியான பிரிக்ஸ். அவன் வரலாற்றையும் துணைக்கு அழைக்கிறான். நூறாண்டுக்கு முன் இந்த நகர மக்களும் இதைத்தானே செய்தார்கள் என்கிறான். அழைத்தது அவன், வரலாறு என்ன சொல்கிறது என்று நாம் பார்ப்போம்.

சான் பிரான்சிஸ்கோவிலே 1851லும் 1856லும் 'கண்காணிப்புக் குழு'க்கள் உருவாயின. முறையான நீதிமன்றத்தை ஒதுக்கிவிட்டு, முதல் தடவை 4 பேரையும், இரண்டாம் தடவை 4 பேரையும் தூக்கிலிட்டன. பலரை நாடு கடத்தின. தலைமை தாங்கியவர்கள் யார்? பெருவணிகர்கள்! 1856இல் நாடு கடத்தப்பட்டவர்களிலே பலர் யார்? வணிகர்களுக்குப் பிடிக்காத எதிர்க்கட்சியிலே இருந்த அயர்லாந்துக் குடியேறிகள்! குற்றத்தை ஒழிக்க வந்ததாகச் சொன்னவர்கள், சூட்டோடு சூடாகத் தாங்களே கட்சி அமைத்து, நகராட்சியையும் பிடித்துக்கொண்டார்கள். கயிறு பிடித்த கை எதற்காகப் பிடித்தது என்பது இப்போது விளங்குகிறதா?

இன்னொன்றும் கேளுங்கள். அதே 1851இல் தாமஸ் பெர்டியூ என்பவர் பிடிபட்டார். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற கொள்ளைக்காரன் நீதான் என்றார்கள். இல்லை என்று கதறினார். உருவ ஒற்றுமை அப்படி! கூட்டம் அன்றே தூக்கிலிடத் துடித்தது. கூடிய மக்களே அமைத்த நடுவர் குழு, ஒருமனப்படாமல் கலைந்தது. பிறகு வேறொரு வழக்கிலே நீதிமன்றமே அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. தண்டனை நிறைவேறுமுன் உண்மையான ஸ்டூவர்ட் பிடிபட்டான். பெர்டியூ உயிர் தப்பினார். நீதிமன்றமும் தவறியது, மறைக்கவில்லை. ஆனால் தீர்ப்புக்கும் தூக்குக்கும் நடுவிலே சில நாள் இருந்தது. அந்தச் சில நாள்தான் ஒரு நிரபராதியின் உயிர்! துப்பாக்கிக்கு அந்தச் சில நாள் ஏது? சுட்டபின் ஸ்டூவர்ட் கிடைத்து என்ன பயன்?

இந்தப் பாடம் தமிழனுக்குப் புதிதா? பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் விசாரிக்கவில்லை, காவலன் வாள் வீசினான், கோவலன் வீழ்ந்தான். விசாரணை இல்லாத ஒரே ஒரு தண்டனைக்கு மதுரையே விலை கொடுத்ததாகச் சிலம்பு சொல்கிறது.

“நியாயம் பேசுகிறீர்கள், சட்டம் கொடியவனை விட்டுவிடுகிறதே, அதற்கு என்ன பதில்?” என்று கேட்பார்கள். பதில் இருக்கிறது. முதல் படத்திலே ஹாரியின் கையைக் கட்டிய தீர்ப்பாக மிராண்டா வழக்கைச் சொல்கிறார்கள். அந்த மிராண்டா ஓர் ஏழை. உரிமைகளை எடுத்துச் சொல்லாமல் போலீசார் வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்று 1966இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிராண்டா தப்பிவிட்டானா? இல்லை! அந்த வாக்குமூலம் இல்லாமலேயே, வேறு சாட்சியங்களைக் கொண்டு 1967இல் மறுபடியும் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. ஒழுங்காக விசாரித்தாலும் தண்டிக்க முடியும். வதைக்க வேண்டியதில்லை, உழைக்கத்தான் வேண்டும்.

படத்தை முழுக்கப் பாராட்டிவிட முடியுமா? முடியாது. முடிவிலே பிரிக்ஸ், உன் மேல் வழக்குப் போடுகிறேன், நீ நம்பும் சட்டத்தாலேயே உன்னைத் தண்டிக்கிறேன் என்று எக்களிக்கிறான். சட்டத்துக்காக வாதாடிய ஹாரி என்ன செய்கிறார்? காரிலே வெடிகுண்டை வைத்து அவனைத் தீர்த்துக் கட்டுகிறார்! வாய் சட்டத்தைப் பேசுகிறது, கை குண்டை வைக்கிறது. கேள்வியை எழுப்பத் துணிந்த படம், பதிலோடு நிற்கத் துணியவில்லை. அதன் கடைசிச் சண்டை நடப்பது கைவிடப்பட்ட ஒரு போர்க்கப்பலிலே.

கப்பல் என்றதும் நமக்கு அதே நகரத்தின் துறைமுகம் நினைவுக்கு வருகிறது. 1934 ஜூலை 5. ஆள் எடுக்கும் முறை தங்கள் சங்கத்தின் கைக்கு வரவேண்டும் என்று கப்பல்துறைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துவந்த நேரம். போலீசார் சுட்டனர். இருவர் மாண்டனர். ஒருவர் ஹோவர்ட் ஸ்பெரி, துறைமுகத் தொழிலாளி. மற்றவர் நிக் போர்டாய்ஸ், வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சோறாக்கித் தந்த சமையல் தொழிலாளி. அவர்கள் கொலைகாரர்களா? கொள்ளைக்காரர்களா? கூலிக்கும் உரிமைக்கும் நின்றவர்கள்! அந்த மண்ணிலே அந்த நாளுக்கு 'இரத்த வியாழன்' என்று பெயர்.

தோழர்களே! படம் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சண்டைக் காட்சி சுவைதான். ஆனால் திரையிலே போலீஸ் துப்பாக்கி தீர்ப்பு எழுதும்போது கைதட்டுமுன் ஒரு கணம் நில்லுங்கள். திரையிலே சுடப்படுகிறவன் கொடியவன் என்று கதாசிரியன் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். தெருவிலே அதைச் சொல்லக் கதாசிரியன் இல்லை. அங்கே விசாரணை ஒன்றுதான் உண்டு. பணமும் செல்வாக்கும் உள்ளவனுக்கு அரண்கள் ஆயிரம். ஏழைக்கு இருக்கும் ஒரே அரண் அந்த விசாரணை. அதையும் நம் கைதட்டலாலேயே இடித்துவிடலாமா?