தேவரியா தால்: மூன்று கிலோமீட்டர் ஏற்றத்துக்கு ஆறு நாள் திட்டம்

இமயமலை ஏரிகளின் ஒளிப்படங்களைக் கண்டு ஒருமுறையேனும் நடந்து சென்று பார்த்துவிட வேண்டும் என்று விரும்புவோர் பலர். "அதெல்லாம் இளைஞர்களுக்கு" என்று அந்த விருப்பத்தை ஒதுக்கிவைப்போரும் பலர். அந்தத் தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. படங்களில் நாம் அடிக்கடி காணும் சந்திரதால், ஹேம்குண்ட் போன்ற ஏரிகள் கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே இருப்பவை. ஆனால் முதன்முறையாக மலையேறுவோர் துணிந்து செல்லக்கூடிய ஏரி ஒன்று உத்தராகண்டில் உள்ளது. உகிமட் நகருக்கு அருகே, சாரி என்ற சிற்றூருக்கு மேலே இருக்கும் தேவரியா தால்தான் அது. தால் என்றால் ஏரி. தேவர்கள் நீராடிய இடம் என்பதால் இப்பெயர் என்பர். யட்சன் பாண்டவரிடம் கேள்வி கேட்டதும் இக்கரையில்தான் என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை.

சாரியிலிருந்து ஏரிக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நடை. உயர்வு சுமார் 400 மீட்டர். நிதானமாக நடப்பவருக்கு இரண்டரை மணி நேரம் போதும். ஏரியின் உயரம் ஏறத்தாழ 2,400 மீட்டர் என்பதே இதில் முக்கியம். உயரத்தால் வரும் மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். எனினும் அங்குள்ள காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான் என்பதால் மூச்சு வாங்குவது இயல்பே. விடாத தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம் ஆகியவை இயல்பல்ல. அவை தோன்றினால் உடனே இறங்கிவிட வேண்டும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது.

உண்மையான சிரமம் ஏற்றத்தில் இல்லை, சாலையில் இருக்கிறது. ரிஷிகேசத்திலிருந்து சாரி ஏறத்தாழ 190 கிலோமீட்டர். சமவெளியில் நான்கு மணி நேரத்தில் கடக்கும் தொலைவுக்கு இங்கே எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். வழி அழகானது. அலகநந்தாவும் பாகீரதியும் கூடிக் கங்கையாகும் தேவப்பிரயாகை, பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் திவ்யதேசமே. ருத்ரபிரயாகைக்கு அப்பால் மந்தாகினிக் கரையில் நம் அகத்தியர் பெயரையே தாங்கிய அகஸ்தியமுனி என்ற ஊரும் வருகிறது. ஆனால் இதே மந்தாகினிப் பள்ளத்தாக்கில்தான் 2013 ஜூன் மாதப் பெருவெள்ளம் நேர்ந்தது. பெருமழை பெய்தால் மண்சரிந்து சாலை மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் அடைபடும்.

ஆகவே திட்டத்தில் ஓர் உபரி நாளைச் சேர்த்தே ஆக வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. முதல் நாள் ஹரித்வாருக்கு ரயிலிலோ டேராடூனுக்கு விமானத்திலோ சென்று ரிஷிகேசத்தில் தங்கலாம். இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, இருட்டும் முன் சாரியை அடைய வேண்டும். மூன்றாம் நாள் ஏற்றம். நான்காம் நாள் உபரி. ஐந்தாம் நாள் ரிஷிகேசம் திரும்பி, ஆறாம் நாள் ஊருக்கு ரயில். விடுப்பு கிடைக்கவில்லை என்று முதலில் வெட்டப்படுவது நான்காம் நாள்தான். அதை வெட்டிய குழுவினர், மழை பெய்தாலும் ஏறுகிறார்கள். சரிவு விழும் சாலையில் இரவிலும் வண்டியை ஓட்டச் சொல்கிறார்கள். விபத்துக்கு இவ்வளவு போதும்.

காலத்தைப் பொறுத்தவரை ஜூலை முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பாதையில் பனி கிடக்கும், தொடக்கநிலையினருக்கு உகந்ததன்று. மே, ஜூன் மாதங்களில் கேதார்நாத் யாத்திரைக் கூட்டத்தால் சாலை நெரியும், அறை வாடகையும் ஏறும். மார்ச் இறுதியும் ஏப்ரலும் நல்லவை. புராஞ்ஸ் எனப்படும் ரோடோடெண்ட்ரான் மரங்கள் அப்போது செக்கச்செவேலெனப் பூத்திருக்கும். வானம் தெளிந்து சிகரங்கள் தெரிய வேண்டுமானால் அக்டோபர், நவம்பர்.

ஆறு வாரங்களுக்கு முன்பே உடலைப் பழக்கத் தொடங்கலாம். நாள்தோறும் முக்கால் மணி நேர நடை, வாரத்தில் மூன்று நாள் மாடிப்படி ஏறி இறங்குதல். இறங்குவதையும் பழக வேண்டும். ஏறும்போது நெஞ்சு முறையிடும், இறங்கும்போதுதான் முழங்கால் முறையிடும். புதுக் காலணியோடு மலைக்குச் செல்லலாகாது. பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் எளிதில் உலராது, குளிரும். எளிதில் உலரும் சட்டை, அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் மழைக்கோட்டு என அடுக்கி அணிவதே முறை.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். சாரி போன்ற சிற்றூரில் ஏ.டி.எம். எதிர்பார்க்கக் கூடாது. கைப்பேசிச் சமிக்ஞை நிலையாக இல்லாத இடத்தில் யு.பி.ஐ. கைகொடுக்காது. அறை, உணவு, வழிகாட்டி, வனத்துறைக் கட்டணம் ஆகியவற்றுக்கான தொகையை ரிஷிகேசத்திலேயே எடுத்து, பாதியைச் சிறு நோட்டுகளாக மாற்றி, குழுவில் இருவரிடம் பிரித்து வைக்கலாம். சாலை அடைபட்டால் கூடுதலாகத் தங்க இரண்டு நாள் செலவையும் அதில் சேர்க்க வேண்டும். பயணக் காப்பீடு எடுப்போர் விலக்குகள் பகுதியைப் படித்துப் பார்ப்பது அவசியம். மலையேற்றத்தைச் சாகச விளையாட்டாகக் கருதி விலக்கும் பாலிசிகளும் உண்டு.

ஏறும் நாளன்று விடியலிலேயே புறப்பட வேண்டும். காற்று எழுவதற்கு முன் ஏரி அசையாமல் கிடக்கும். 7,138 மீட்டர் உயரச் சௌகம்பா தன் பனிமுடிகளோடு தலைகீழாக அதில் தெரிவது அப்போதுதான். நேரம் ஏற ஏற மேகம் சூழ்ந்துகொள்ளும். பாதை ஊரின் வீடுகளுக்கு இடையே கல் பாவியதாகத் தொடங்குகிறது. தொடக்கத்திலேயே செங்குத்தாக இருப்பதால் பலர் அங்கேயே மனம் தளர்கின்றனர். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே சரியான வேகம்; வாக்கியம் பாதியில் நின்றால் நாமும் நின்றுவிட வேண்டும். குழுவில் மிக மெதுவாக நடப்பவரை முன்னே விட்டு மற்றவர்கள் பின்தொடர்வது நல்லது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் போதும். வழி தெளிவாக இருந்தாலும், முதியவர்கள் உடன் வந்தால் உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூலி பேசி அமர்த்திக்கொள்வதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மேலே காத்திருப்பது பனிப்பாறைகள் நடுவே உள்ள ஏரி அன்று. புல்வெளியும் ஓக் காடும் சூழ்ந்த சிறிய நீர்நிலை. சுற்றிவர அரை மணி நேரமும் ஆகாது. இதை முன்பே அறிந்து செல்வோர்க்கு ஏமாற்றம் இராது. ஏரிக்கரையில் கூடாரமடிக்க எண்ணுவோர் அப்போதுள்ள வனத்துறை விதியைச் சாரியிலேயே கேட்டறிய வேண்டும். மேலே கொண்டுசென்ற பிஸ்கட் உறையும் தண்ணீர்ப் புட்டியும் நம்மோடே கீழே வர வேண்டும்.

எல்லாம் நல்லபடி முடிந்து நான்காம் நாள் மிஞ்சினால், வண்டியில் சோப்தா சென்று அங்கிருந்து துங்கநாதர் கோயிலுக்கு ஏறலாம். ஆனால் அது 3,680 மீட்டர் உயரம். முந்தைய நாள் எவ்விதத் தொல்லையும் இல்லாதவர்கள் மட்டும், பாதையில் பனி இல்லையென்றால் மட்டும் செல்லலாம். மற்றவர்கள் உகிமட்டில் ஓங்காரேஸ்வரரைத் தரிசிக்கலாம்; குளிர்காலத்தில் கேதார்நாதரின் உற்சவ மூர்த்திக்கு வழிபாடு நடப்பது அக்கோயிலில்தான்.